நாற்கொம்பு மான் நின்றுவிட்டதா? உடனே அழுத்தாதீர்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாற்கொம்பு மானைப் படம் பிடிக்க 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் போதுமா, அண்ணா?"

லென்ஸை அப்புறம் பார்ப்போம், தம்பி. முதலில் மானைத் தெரிந்துகொள்ளுங்கள். மான் என்று நாம் சொன்னாலும் இது இரலை இனம், கொம்பு உதிராது. கிடாவுக்குக் காதுகளுக்கிடையே இரண்டு, நெற்றியில் குட்டையாக இரண்டு, ஆக நான்கு. பெண்ணுக்குக் கொம்பே கிடையாது. புள்ளிமான் போல மந்தையாகத் திரியாது, பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் இது உண்டு. கேளையாட்டைப் பார்த்துவிட்டு இதுதான் என்று சொல்கிறவர்கள் நிறைய. முன்னங்காலின் முன்பக்கம் கருங்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆபத்து என்று தெரிந்ததும் இது உடனே ஓடாது. புல்லுக்குள் அசையாமல் நின்றுவிடும். நம்மவர்கள் அந்த நேரத்தில்தான் படபடவென்று அழுத்துகிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு காதும் உங்கள் பக்கமே விறைத்திருக்கும், கழுத்து கம்பு போல நிமிர்ந்திருக்கும். பயந்த மானின் படம் அது. ஒரு நொடியில் துள்ளிப் புதருக்குள் மறைந்துவிடும்.

விரலைக்கூட அசைக்காமல் இருங்கள். முதலில் ஒரு காது பக்கவாட்டில் திரும்பும். அப்புறம் வால் ஆடும். கடைசியில் தலை தாழ்ந்து மேயத் தொடங்கும். அப்போது எடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதையே வையுங்கள். குவியத்தை ஒற்றைப் புள்ளியில் கண்மீது நிறுத்துங்கள். தானியங்கிக்கு விட்டால் முன்னால் நிற்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும். காதுகள் தளரவே இல்லையென்றால் வந்த வழியே விலகிவிடுங்கள்.

கோடையில் எல்லோரும் தண்ணீரைத் தேடிப் போய் உட்காருகிறார்கள். இந்த மானுக்கு அடிக்கடி நீர் வேண்டும். அதன் வழியில் நீங்கள் இருந்தால் தாகத்தோடு திரும்பிவிடும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: குட்டைக் கரை வேண்டாம். சரணாலயத்துக்குள் படமெடுக்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதியோடு, வனத்துறை ஆளோடு, வண்டியிலிருந்தே எடுங்கள். அது யானைக் காடு. நடந்து போகிற ஆசையே வேண்டாம். வண்டி ஜன்னலில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து லென்ஸைச் சாய்த்தால் ஆடாது. எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

காலை ஒன்பதுக்குமேல் பாறையிலிருந்து கானல் எழும்பும். தூரத்து மான் நீருக்குள் இருப்பதுபோல நெளியும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதற்கு மருந்தில்லை. பொழுது விடிந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு.

நாற்கொம்பு மானைத் தேடிப் போகுமுன் ஒருமுறை கோடியக்கரை போய் வாருங்கள். அங்கே வெளிமான் திறந்த புல்வெளியில் நிற்கும், பழகுவதற்கு நல்ல இடம். கிடாவின் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. வெள்ளை வெளுத்துப்போகாமல் ஒளியைக் குறைத்து எடுக்கப் பழகிவிட்டால் எங்கும் கை தடுமாறாது.

இனி லென்ஸ். 100-400 போதும், தம்பி. மான் சிறிதாகத்தான் விழும், விழட்டும். இலை உதிர்த்து நிற்கும் ஆச்சா மரங்கள், செம்மண், பாறை, நடுவில் தலை குனிந்து மேயும் ஒரு மான். உங்கள் ஊர்க் காடு என்று அந்தப் படம்தான் சொல்லும். வெளியிடும்போது மட்டும் இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.