கொடையும் தொண்டும்

ஏழைக்கு வீடு கட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா? இலண்டன் மாநகர வரலாற்றில் இதற்கு விடை காண்போம்.

1862இல் அமெரிக்க வணிகர் ஜார்ஜ் பீபாடி, அந்நகர ஏழைகளுக்காக 1,50,000 பவுன் நன்கொடை அளித்தார். அப்பொருளால் எழுந்த முதற் குடியிருப்பு 1864இல் திறக்கப்பெற்றது.

1865இல் ஆக்டேவியா ஹில் அம்மையார், அறிஞர் ரஸ்கின் வாங்கிய பாழடைந்த மூன்று வீடுகளின் பொறுப்பை ஏற்றார். அவரும், பின்னர் இணைந்த பெண் தொண்டர்களும் வாரந்தோறும் வாடகை பெறச் சென்று குடியிருப்போர் குறைகளைக் கேட்டறிந்தனர். மிஞ்சிய வாடகைப் பணம், அவர்கள் விரும்பிய பணிகளுக்கே செலவிடப்பட்டது. வாடகை தவறியோரை அம்மையார் வெளியேற்றினார். அக்கண்டிப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. குடியிருப்போரை இரவலராகக் கருதாத பண்பையே ஏற்போம்.

பொருள் சுவரை எழுப்பும். நலம் கேட்டு வரும் தொண்டரே அதனை இல்லமாக்குவர். பெரியோர் கொடையோடு மாணவர் தொண்டும் சேரும்போதே அறம் நிறைவுறும்.