தேடல் சர்வர்காரர்கள் கூடும்போது

லூசீன், எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள்களை வைத்துக் கோடிக்கணக்கான ஆவணங்களைத் தேடித் தருபவர்கள் சென்னைப் பக்கம் மாதாந்தரக் கூட்டம் போடுவதாக இருந்தால், முதலில் ரயிலைப் பாருங்கள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் தடங்கள் பேசின் பிரிட்ஜில்தான் சேர்கின்றன. சென்ட்ரலை ஒட்டிய இடம் இரு தரப்புக்கும் தோது. கூட்டம் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைக்குள்தான் என்றால், வருபவர் பெயர், லேப்டாப் சீரியல் எண் எல்லாம் முந்தின நாளே கேட்டுக்குப் போயிருக்கட்டும். இல்லாவிட்டால் பாதிக் கூட்டம் செக்யூரிட்டி ரெஜிஸ்டரிலேயே முடிந்துவிடும்.

தேதியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு இரண்டாம் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. ஷிப்ட் மாறும் 2 மணியைத் தவிர்த்து 3 மணிக்குத் தொடங்கலாம்.

பேச்சு 20 நிமிடம் போதும், மீதி நேரம் சிக்கல்களுக்கு. ஒவ்வொருவரும் மூன்று எண்களோடு வரச் சொல்லுங்கள்: இண்டெக்ஸின் அளவு, அதைப் பிரித்த துண்டுகளான ஷார்டுகள் எத்தனை, மிக மெதுவான தேடலுக்கு எத்தனை விநாடி. ஒரு லூசீன் இண்டெக்ஸில் சுமார் 214 கோடி ஆவணங்களுக்கு மேல் ஏறாது. ஷார்டு 10 முதல் 50 ஜிபிக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். அவரவர் எண்களை இவற்றோடு சேர்த்துப் பலகையில் எழுதினாலே பேச்சு சூடுபிடிக்கும்.

சர்வர் படுத்த கதைகளை மட்டும் வீடியோ எடுக்காதீர்கள். கேமரா இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் தரவு திரையில் தெரியவே கூடாது.