மரவேலைக்கு லேசர் இயந்திரம்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

பெயர்ப்பலகை, கொலு மண்டபம், புகைப்படச் சட்டம், குழந்தைகளுக்கான மரப்புதிர் போன்றவற்றை மெல்லிய பலகையில் லேசரால் வெட்டி, வீட்டிலிருந்தே விற்கலாம் என்ற எண்ணம் நம் குடும்பங்கள் சிலவற்றில் எழுந்துள்ளது. நல்ல எண்ணம்தான். ஆனால் விளம்பரத்தில் உள்ள 'வாட்' எண்ணை மட்டும் நம்பிச் சேமிப்பைப் போட்டுவிடக் கூடாது. புகையை வெளியேற்றவும், கண்ணைக் காக்கவும், தீயைத் தடுக்கவும் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே இறங்க வேண்டும்.

எந்த வகை?

லேசர் ஒளியை லென்ஸ் ஒரு சிறு புள்ளியாகக் குவிக்கிறது. அந்த இடத்தில் மரம் எரிந்து ஆவியாகிறது. இங்கே வெட்டுவது சூடு. ஆகவே புகையும் விளிம்பில் கொஞ்சம் கருகலும் இருந்தே தீரும்.

கடைகளில் மூன்று வகை இயந்திரங்கள் உண்டு.

முதலாவது கரியமில வாயு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் என். படேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது இது. இதன் 10.6 மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது. மரமும் அக்ரிலிக்கும் அதை நன்றாக உறிஞ்சும். மரவேலையையே தொழிலாகக் கொள்வோருக்கு இதுவே ஏற்றது. 3 மி.மீ. பிளைவுட்டுக்கு 40 வாட் போதும், 6 மி.மீ. வேலை அடிக்கடி வருமானால் 60 முதல் 80 வாட் வரை பாருங்கள்.

இரண்டாவது டயோடு லேசர். நீல ஒளி, சுமார் 450 நானோமீட்டர். விலை குறைவு, மேசைமேல் வைக்கலாம். எழுத்துப் பொறிக்கவும் மெல்லிய பலகை வெட்டவும் நல்லது. ஆனால் நிறமற்ற அக்ரிலிக்கை இது வெட்டாது; ஒளி ஊடுருவிப் போய்விடும். இதில் சிலர் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தின் வாட்டைப் பெரிதாக அச்சிடுவார்கள். "ஒளியாக வெளிவருவது எத்தனை வாட்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது ஃபைபர் லேசர். இது உலோகத்துக்கு உரியது, மரவேலைக்கு வேண்டாம்.

தண்ணீரும் மின்சாரமும்

கரியமில வாயு லேசரின் கண்ணாடிக் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்பூர், தில்லி போன்ற ஊர்களின் கோடையில் வாளித் தண்ணீர் விரைவில் சூடாகிவிடும். குழாயின் வலுவும் ஆயுளும் குறையும். அங்கே குளிரூட்டும் சில்லர் அவசியம். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதமான ஊர்களில் தண்ணீரை மிகவும் குளிரவைத்தால் குழாயின் மேல் நீர் வியர்க்கும். உயர் மின்னழுத்தம் பொறியாகப் பாயக்கூடும். குழாய்நீர் ஊற்றாதீர்கள், காய்ச்சி வடித்த நீரே நல்லது. உள்ளே பல்லாயிரம் வோல்ட் இருப்பதால் வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு முதலில் சோதியுங்கள்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

சாதாரண எம்.ஆர். ரக பிளைவுட் எளிதாக வெட்டுப்படும். தண்ணீருக்குத் தாங்கும் பி.டபிள்யு.பி. ரகத்தில் உள்ள பீனால் பசை லேசருக்கு எளிதில் மசியாது, கருகும். எம்.டி.எஃப். சீராக வெட்டுப்படும்; ஆனால் அதன் பசையிலிருந்து கண்ணையும் மூக்கையும் எரிக்கும் புகை வரும்.

பி.வி.சி. பலகையையும் ரெக்சினையும் எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பொருள் இன்னதென்று தெரியாவிட்டால் மறுத்துவிடுவதே நல்லது.

புகைக்குழாய் சன்னல் வழியே நேராக, நீளம் குறைவாக வெளியேற வேண்டும். அடுக்குமாடியில் அந்தப் புகை மேல்வீட்டுக்காரரின் சமையலறைக்குள் போகுமா என்று பாருங்கள். சொசைட்டியின் அனுமதியையும் கேளுங்கள். இதற்கு வழியில்லாத வீட்டில் இயந்திரம் வாங்க வேண்டாம்.

முதல் நாள் பாடம்

புதுப் பலகை வந்ததும் அதில் ஒரு துண்டை எடுத்து, வேகத்தையும் வலுவையும் மாற்றி மாற்றிச் சிறு கட்டங்கள் வெட்டிப் பாருங்கள். எந்தக் கட்டம் குறைந்த கருகலோடு தானே கீழே விழுகிறதோ, அந்த அளவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வெட்டுமுனையில் காற்று ஊதும் பம்பு கட்டாயம் இருக்கட்டும். சுடரும் புகையும் விலகி வெட்டு சுத்தமாக அமையும்.

அடுத்தது, வெட்டில் எரிந்துபோகும் அகலம். 10 மி.மீ. அகலமுள்ள 10 பட்டைகளை வெட்டி நெருக்கி அடுக்குங்கள். 100 மி.மீ. வரவேண்டிய இடத்தில் 98 வந்தால், ஒவ்வொரு வெட்டிலும் 0.2 மி.மீ. போகிறது என்று பொருள். கொலு மண்டபம் போலக் கோத்து நிறுத்தும் வேலையில் இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் பொருத்துகள் ஆடும்.

தமிழ்ப் பெயர்ப்பலகைக்குத் தனிக் கவனம் வேண்டும். எழுத்துகளை வெட்டி எடுக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளியும், துணைக்காலும், கொம்பும் தனித்தனித் துண்டுகளாக உதிரும். பலகையிலேயே துளையாக வெட்டினாலோ 'ப', 'ட' நிற்கும், 'ஞ', 'ஓ' ஆகியவற்றின் மூடிய சுழி விழுந்துவிடும். பின்பலகையில் எழுத்தின் உருவத்தை லேசாகப் பொறித்து, அதன்மேல் துண்டுகளை ஒட்டுவது எளிய வழி. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய பிறகே கோப்பை அனுப்புங்கள்; இல்லையேல் வேறு கணினியில் எழுத்துரு மாறிவிடும்.

மீறக் கூடாத விதிகள்

இயந்திரம் ஓடும்போது அறையை விட்டு நகரக் கூடாது. பலகை தீப்பற்ற ஒரு நிமிடம் போதும். கரியமில வாயுத் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தூள் வகை தீயை அணைத்தாலும் இயந்திரத்தைப் பாழாக்கும். திறந்த டயோடு இயந்திரத்தின் ஒளி, தெறித்து வந்தாலும் விழித்திரையைச் சேதப்படுத்தும். அதன் அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி, அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் முழுதும் மூடிய, மூடியைத் திறந்தால் ஒளி நின்றுவிடும் இயந்திரமே சரி.

உடனே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பெரிய நகரங்களில் நிமிடக் கணக்கில் கூலிக்கு வெட்டித் தரும் கடைகள் உள்ளன. சில மாதங்கள் வடிவமைப்பை மட்டும் வீட்டில் செய்து, வெட்டுவதை அங்கே கொடுத்துப் பாருங்கள். எந்தப் பொருள் விற்கிறது, எந்தத் தடிமன் அதிகம் தேவைப்படுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். மாதந்தோறும் கொடுக்கும் கூலி, இயந்திரத்துக்குக் கட்ட வேண்டிய தவணையைத் தாண்டும்போது வாங்குவதைப் பற்றி முடிவு செய்யலாம்.