பையில் பூத்த செங்காந்தள்

விடுமுறையில் வெளிநாடு சென்று திரும்பிய விடுதித் தோழர் ஒருவர், அங்கே ஓர் அருங்காட்சியகக் கடையில் வாங்கிய தோட்பையைக் காட்டினார். ‘டோட் பேக்’ என்பது கடைக்காரர் இட்ட பெயர். கெட்டியான பருத்தித் துணி; அதன்மேல் பழைய தாவர ஓவியம் ஒன்றினின்று எடுத்த செங்காந்தள். வடக்கே வளர்ந்த எனக்கு அது நம் மன்றத்துச் சொற்பொழிவுகளில் கேட்ட பெயர்தான். பூவைக் கண்டது பையிலேதான்!

கூர்ந்து பார்த்தேன். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகியிருக்கிறது. ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்க, ஆறு மகரந்தத் தாள்களும் வெளியே விரிந்து நிற்கின்றன. சூல்தண்டோ அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக ஒருபுறம் வளைகிறது. தன் மகரந்தம் தன் சூல்முடியிலே படாமல் விலகி நிற்க இவ்வளைவு துணை செய்கிறது. எல்லாம் சரி, சூலகத்தின் குறுக்குவெட்டு எங்கே? அடியோரத்தில் ஒரு வட்டத்தின் மேல்விளிம்பு மட்டும் தெரிகிறது. வெட்டியெறிந்தது அதைத்தான் போலும்.

தாவர ஓவியம் அழகுக்காக மட்டும் எழுதப்படுவதன்று. உலர்த்திய செடியில் நிறமும் நிலையும் கெடும். ஓவியம் அவற்றைக் காக்கிறது. பூவைப் பிளந்து உருப்பெருக்கியில் கண்ட உறுப்புகளைத் தாளின் அடியில் பெரிதாக வரைவர். காந்தளின் சூலகம் மூவறை உடையது. செடியின் இனத்தை நிறுவ இத்தகைய சான்றுகளே வேண்டும். அடிப்பகுதி போயிற்றென்றால் எஞ்சுவது அலங்காரம்.

இக்கலை சென்னையிலும் சிறந்து விளங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-இல் வந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுக்காகச் செடிகளை வரைந்தவர்களுள் தலையாயோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர். அவர்தம் பெயரைப் படங்களிலே பொறிக்க வைட் தவறவில்லை. 1853-இல் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே ‘கோவிந்தூயா’ எனப் பெயரிட்டார்! பின்னாளில் அது ‘டிரோபிடியா’ என்னும் முந்திய இனத்தோடு சேர்க்கப்பட்டது. பெயரீட்டு விதிக்கு நன்றியறிதல் தெரியாது.

தோழரின் பையில் ஒரு சிறு சீட்டு தைத்திருக்கிறது. துணி இன்னது, குளிர்ந்த நீரில் துவைக்க என்றிருக்கிறது. வரைந்தவர் யாரென்று இல்லை. துவைக்கும் முறையைவிட அதற்கு அதிக இடம் வேண்டுமா என்ன?

பையின் மறுபுறம் வெறுமையாயிருந்தது. தோழர் இசைவுடன், மூன்று அறைகளையும் சூல்களையும் பேனாவால் அங்கே வரைந்து கொடுத்தேன். சீட்டில் சொன்னபடி குளிர்ந்த நீரிலேதான் துவைத்தாராம். இப்போது அறைகள் ஒன்றாகிவிட்டன. அழியாத மை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.