சமூக விஞ்ஞானப் பட்டமும் சாதாரண தரக் கணிதமும்

மாணவர்களே, "கணிதம் வராதவர்களுக்கே கலைப்பிரிவு" என எண்ணுகிறீர்களா? அவ்வாறு எண்ணிச் செல்வோர் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலைக் கண்டு திகைப்பர்.

1. பாதை: உயர்தரக் கலைப்பிரிவில் 3 பாடங்களில் சித்தி, இசட் புள்ளி அடிப்படையில் அனுமதி. அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை.

2. பாடங்கள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் புவியியல், பொருளியல், சமூகவியல் முதலியவற்றைக் கற்கலாம்.

3. உதாரணம்: நறுவிலிக்குளத்து வயலொன்றை எடுத்துக்கொள்வோம்.
- நீர் எங்கிருந்து வருகிறது? – புவியியல்
- நெல்லின் விலை ஏன் விழுகிறது? – பொருளியல்
- நீரைப் பங்கிடும்போது யாருடைய சொல் எடுபடுகிறது? – சமூகவியல்

மூன்றுக்கும் விடைகாணத் தரவுகள் வேண்டும். அட்டவணை, நூற்றுவீதம், இடை ஆகியன நீங்கள் இப்போது கற்கும் கணிதமே. அதைக் கைவிடாதீர்கள்.

பயிற்சி: உங்கள் அயலில் 10 வீடுகளின் தொழில்களை விசாரித்து அட்டவணைப்படுத்துக. ஒவ்வொரு தொழிலினதும் நூற்றுவீதத்தைக் காண்க.