பிராது

கங்காதர நெல்லூரில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் வீட்டில் தமிழ். மற்றவர் வீட்டில் தெலுங்கு.

"வரப்பை வெட்டிட்டாங்க அக்கா. பிராது கொடுக்கப் போறேன்" என்றார் தமிழ் பேசுபவர்.

"ஃபிர்யாதுதானே? நானும் வர்றேம்மா" என்றார் மற்றவர்.

பிராது, ஃபிர்யாது. இரண்டும் ஒரே சொல்தான். அது பாரசீக மொழியில் பிறந்தது. அங்கே 'ஃபரியாத்' என்பார்கள். உதவி கேட்டு எழுப்பும் கூக்குரல் என்று பொருள். ஆர்க்காட்டு நவாப்புகள் காலத்தில் பாரசீகம் அரசாங்க மொழியாக இருந்தது. சித்தூர்ப் பகுதியும் அவர்கள் ஆட்சியில் இருந்தது. ஜமீன், வசூல், தாலுகா போன்ற சொற்களும் இப்படி ஆட்சியோடு வந்தவைதான். நவாப்பு போனார். வெள்ளைக்காரர் வந்தார், அவரும் போனார். 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. சொல் மட்டும் போகவில்லை.

'புகார்' என்றும் சொல்கிறோம். இந்தியில் 'புகார்' என்றால் உரக்கக் கூப்பிடுவது. பூம்புகார் என்ற ஊர்ப் பெயர் வேறு. அதற்கும் இதற்கும் உறவில்லை.

கூப்பிடாமல் உள்ளேயே வைத்திருந்தால்? அதற்குத் தமிழில் 'மனத்தாங்கல்' என்று பெயர். தாங்கல் என்றால் சின்ன ஏரியும்கூட. வேடந்தாங்கல் தெரியும் அல்லவா? ஏரி தண்ணீரைத் தாங்குகிறது. மனம் வருத்தத்தைத் தாங்குகிறது.

அந்தப் பெண் முன்பும் ஒருமுறை பிராது கொடுத்தவர்தான். அப்போது எழுத்து தெரியாது. யாரோ எழுதினார்கள். இவர் கைநாட்டு வைத்தார். "சமாதானம் ஆகிவிட்டோம்" என்று அதில் எழுதியிருந்தது. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

போலீசில் நேராக வழக்குப் பதியும் குற்றம் என்றால், வாயால் சொன்னாலே போதும். அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் கையெழுத்து. நகல் ஒன்றை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173ஆம் பிரிவு இது. பழைய சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள்?

வரப்புத் தகராறுக்கு மண்டல ஆபீஸ். திங்கட்கிழமை இருவரும் போனார்கள். மனு எழுதியவர் காகிதத்தை நீட்டினார். "இங்கே கையெழுத்துப் போடும்மா" என்றார்.

"கொஞ்சம் இருங்க சார். படிச்சுக்கிறேன்."

விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். சர்வே நம்பரில் ஒரு எண் தப்பாக இருந்தது. திருத்தச் சொன்னார்.