தென்னை ஏறுவோருக்கு ஏற்ற இலேசான தலைக்கவசம்

நாற்றுத் தேர்வு, உரமிடுதல், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றில் நாம் காட்டும் அக்கறையை, மரமேறும் தொழிலாளியின் தலையைக் காப்பதில் காட்டுவதில்லை. இடுப்பில் அரிவாள், தலையில் ஒரு துண்டு என்பதே இன்றும் பல தோப்புகளில் நிலை. மலையேறுவோர் அணியும் இலேசான தலைக்கவசம் இவ்வேலைக்குப் பெரிதும் பொருந்தும். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்குக் காண்போம்.

எடை

மரமேறுபவர் பெரும்பாலும் அண்ணாந்தே பார்க்கிறார். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டார் சைக்கிள் கவசத்தை அணிந்தால் கழுத்து வலிக்கும், காது அடைபடும். இரண்டு மரம் ஏறியதும் கழற்றி வைத்துவிடுவார். மலையேற்றக் கவசங்களில் இரு வகைகள் உண்டு.

1. கெட்டி ஓட்டு வகை: ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஓடு. எடை சுமார் 300 முதல் 400 கிராம். முரட்டுக் கையாளலைத் தாங்கும்.

2. நுரை வகை: தெர்மோகோல் போன்ற அடர் நுரையின் மேல் மெல்லிய உறை. எடை சுமார் 200 முதல் 250 கிராம். மூட்டைகளுக்கு அடியில் போட்டால் நசுங்கிவிடும்.

தோப்புத் தோப்பாகச் சென்று காய் பறிப்போருக்கு முதல் வகையே ஏற்றது.

தர முத்திரை

கட்டட வேலைக் கவசம் (ஐ.எஸ். 2925) உச்சியில் விழும் பொருளை மனத்தில் கொண்டு செய்யப்படுவது. அதன் முன்விளிம்பு அண்ணாந்து பார்ப்பதற்கு இடைஞ்சல். மலையேற்றக் கவசத்திற்கு ஐரோப்பியத் தரம் ஈ.என். 12492 ஆகும். இதில் உச்சி மட்டுமன்றி முன், பின், பக்கவாட்டு அடிகளும் சோதிக்கப்படுகின்றன. தாடைப்பட்டை 50 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். எனவே மரமேறுபவர் சறுக்கினாலும் கவசம் தலையைவிட்டு எளிதில் கழலாது.

அளவு பார்த்தல்

கவசத்தை அணிந்து, பட்டையைப் பூட்டாமல் தலையை முன்னும் பின்னும் ஆட்டுக. கவசம் நழுவக்கூடாது. அது நெற்றியை மறைக்க வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் போதும். அடியில் தடித்த தலைப்பாகை கட்டக்கூடாது. வியர்வைக்கு மெல்லிய பருத்தித் துணி போதும்.

தேங்காயைத் தாங்குமா?

விவசாயிகள் அவசியம் அறிய வேண்டியது இது. மேற்கண்ட தரத்தின்படி 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து உச்சியில் விழச் செய்து சோதிக்கின்றனர். எடையை உயரத்தால் பெருக்கினால் 10 வருகிறது.

கொண்டையருகில் இருப்பவர் தலையில் ஒன்றரைக் கிலோ காய் ஒரு மீட்டரிலிருந்து விழுந்தால் கணக்கு 1.5 மட்டுமே. காய்ந்த மட்டை, பாளை, எலி கடித்த காய் முதலியன விழுவதும், தலை மட்டையடியில் மோதுவதும் கவசத்தின் வரம்பிற்குள் அடங்குபவையே.

அதே காய் 15 மீட்டர் கீழே நிற்பவர் தலையில் விழுந்தால் கணக்கு 22.5. சோதனை அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல்! எனவே காய் பொறுக்குவோர் கவசத்தை நம்பி மரத்தடியில் நிற்கலாகாது. வெட்டி முடித்துக் குரல் கொடுத்த பிறகே அருகில் செல்ல வேண்டும். மரத்திலிருந்து விழுபவரையும் கவசம் மட்டும் காப்பாற்றாது. இடுப்புப் பட்டையும் கயிறும் இன்றியமையாதவை.

பராமரிப்பு

- பலத்த அடி பட்ட கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும், நீக்கிவிடுக. நசுங்கிய நுரை மறுமுறை காக்காது.
- காற்றுக்காகத் துளையிடுவதும் பெயிண்ட் அடிப்பதும் கூடாது.
- மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு துடைக்காமல், சோப்புநீரில் கழுவி நிழலில் உலர்த்துக.
- வெயிலில் பிளாஸ்டிக் நலிவடையும். உள்ளே பொறித்துள்ள தயாரிப்பு ஆண்டைப் பார்த்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் மாற்றுக.

தோப்பு உரிமையாளர்கள் மரமேறுபவரே கவசம் வாங்கிக் கொள்ளட்டும் என்று இராமல், அவரை உடன் அழைத்துச் சென்று, அவர் தலைக்குப் பொருந்துவதை வாங்கித் தருவது கடமையாகும். அரை கிலோவுக்கும் குறைவான இப்பொருள் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும்.